ஊரின் ஓசையும் இளைஞரின் இசையும்

பத்துப்பாட்டினுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். நன்னன் என்னும் வள்ளலை நாடிச் செல்லும் ஒரு கூத்தர் குழுவை அந்நூல் நமக்குக் காட்டுகின்றது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல் முதலிய இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டி, பலாக்காய்க் குலையைச் சுமப்பது போலத் தோளில் சுமந்து, அவர்கள் மலைவழியே நடக்கின்றனர். நூலின் சிறப்பு இத்துடன் முடிந்துவிடவில்லை. அவர்கள் கடந்து செல்லும் மலையில் எழும் ஓசைகளையெல்லாம் புலவர் பெருங்கௌசிகனார் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கின்றார். அருவியின் ஒலி, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பைப் பிழியும் ஆலையின் ஓசை எனப் பலவும் கலந்து எழுவதனாலன்றோ அந்நூல் அப்பெயர் பெற்றது? ஊர்விட்டு ஊர் செல்லும் இசைக்குழுவையும், அக்குழு நடக்கும் நிலத்தின் ஓசையையும் பண்டைப் புலவர் ஒரே பாட்டில் வைத்தார். இக்கட்டுரை கூற விழைவதும் அந்தத் தொடர்பைப் பற்றியதே.

இன்று கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் செல்லும் தமிழ் இளைஞனைக் காணும்போது, நம்முள் பலர் முகம் சுளிக்கின்றோம். அவன் பாடுவது இலக்கியமன்று என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகின்றோம். மேலைநாட்டு இரைச்சல் நமக்கு எதற்கு என்று வினவுவாரும் உளர். ஆனால் கருநாடக இசைமேடையில் இன்று பெரிதும் உரிமை கொண்டாடும் வயலினும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் மேலைநாட்டிலிருந்து வந்த கருவியே. கருவி எங்கிருந்து வந்தது என்பது திறனாய்வாளனுக்கு முதன்மையான வினாவன்று. அக்கருவியை மீட்டுபவன் எந்த நிலத்தில் நின்று, எதைப் பாடுகின்றான் என்பதே வினா.

தற்சார்பு என்னும் நெறி

'இண்டி ராக்' என்று இளைஞர் வழங்கும் இசைவகை, பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராது, தம் பொருளைத் தாமே முதலாக இட்டுத் தம் பாடல்களைத் தாமே வெளியிடும் குழுக்களால் உருவானது. 1977ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' என்னும் குழுவினர், நண்பரிடமும் உறவினரிடமும் ஐந்நூறு பவுன் கடன் பெற்றுத் தம் நான்கு பாடல்களை இசைத்தட்டாக்கி, முதலில் ஆயிரம் படிகள் அச்சிட்டனர். இலண்டன் மாநகருக்குச் சென்று பெருநிறுவனங்களின் வாயிலில் காத்து நில்லாமலே சிற்றூர் இளைஞர் தம் குரலை உலகுக்குக் கேட்கச் செய்யலாம் என்பதை அச்சிறு தட்டு மெய்ப்பித்தது.

இச்செய்தி மலேசியத் தமிழ் எழுத்தாளர்க்குப் புதுமையாக இராது. கைப்பொருளைச் செலவிட்டும், கடன் வாங்கியும், நூலை அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, மிஞ்சிய படிகளை வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்த அனுபவம் நம்முள் எத்தனை பேருக்கு இல்லை? அவ்வகையில் நோக்கின், இண்டி இசைக்குழுவினர் நமக்கு அயலார் அல்லர். நம் வழியில் நடக்கும் தம்பியரே ஆவர்.

ஆலைநகர் தந்த இசை

தற்சார்பு என்பது வெளியீட்டு முறை மட்டுமே. அதனால் மட்டும் ஒரு குழுவின் இசைக்குத் தனித்தன்மை வந்துவிடாது. அத்தன்மை எங்கிருந்து வருகின்றது என்பதற்கு, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை ஒரு சான்றாகக் கொள்ளலாம். இரும்புப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த அந்நகரின் ஆஸ்டன் பகுதியில், தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நால்வர் 1968இல் ஒரு குழுவாகக் கூடினர். 'பிளாக் சபாத்' என்று பின்னர் உலகறிந்த குழு அது. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில், தகட்டு உலோகத் தொழிற்சாலையில் தம் இறுதி நாள் வேலையின்போது எந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல்களின் நுனியை இழந்தார். அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆகவே நரம்புகளை அழுத்த வேண்டிய கையே ஊனமுற்றது. இனி இசை இல்லை என்று சோர்ந்திருந்த அவரிடம், அத்தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீயில் கருகிச் செயலிழந்த இரு விரல்களோடும் உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டு அது. அயோமி, நெகிழிப் புட்டியை உருக்கி விரல்நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னர் அந்நரம்புகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். கனத்த, இருண்ட, இரும்பு அதிர்வது போன்ற ஓசை அதனால் பிறந்தது.

ஆலை அவருடைய விரலைப் பறித்தது. அவ்விழப்பே ஓர் இசைக்கு வழியும் ஆயிற்று. அக்குழுவின் எழுச்சிக்குத் திறமை மட்டுமே காரணம் என்று கூறின் அது பாதி உண்மையே. அவர்கள் தம் ஊரின் ஓசையை மறைக்க முயலவில்லை என்பதே எஞ்சிய பாதி.

கூலிமின் இரண்டு ஓசைகள்

இனி நம் ஊருக்கு வருவோம். கெடா மாநிலத்தின் தென்பகுதியில், செபராங் பிறையை ஒட்டி அமைந்தது கூலிம். லூனாஸ், பாடாங் செராய் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரம், ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறமாகவே நெடுங்காலம் விளங்கியது. விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பும் ஒலி, பால்வாளிகள் உரசும் ஓசை, கோயில் திருவிழாவில் எழும் உறுமி மேளம், பிள்ளையைத் தூங்கவைக்கும் தாலாட்டு, சாவு வீட்டு ஒப்பாரி எனத் தோட்டத்திற்கென்று ஓர் ஓசைத்தொகுதி இருந்தது. தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளை நம் மக்கள் 'லயம்' என்றே வழங்கினர். இசையில் லயம் என்பது தாள ஒழுங்கைக் குறிக்கும். இரு சொற்களும் பிறப்பால் வேறாயினும், தோட்டத்தில் அவை ஒன்றாகவே வாழ்ந்தன. லயத்து வாசலில்தான் தாளம் பிறந்தது.

1996இல் இவ்வட்டாரத்தில் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பெற்றது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா இதுவே. இன்று மின்கடத்திச் சில்லுகளைச் செய்யும் பன்னாட்டு நிறுவனங்கள் பல இங்கு இயங்குகின்றன. 2024 ஆகஸ்டில் ஜெர்மானிய நிறுவனமான இன்ஃபினியன், சிலிக்கன் கார்பைடுச் சில்லுகளுக்கான தன் புதிய ஆலையின் முதற்கட்டத்தை இங்குத் தொடங்கியது. தூசு ஒன்றும் படாத அறைகளில், தலைமுதல் கால்வரை வெள்ளுடையால் மூடிக்கொண்டு தொழிலாளர் வேலை செய்கின்றனர். அங்கே எழுவது காற்றைத் தூய்மை செய்யும் எந்திரங்களின் இடையறாத முனகல். தோட்டத்தின் ஓசை பலவாக இருந்தது. பூங்காவின் ஓசை ஒற்றைச் சுருதியாக இருக்கின்றது.

ஓர் இளைஞனை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். அவன் தாத்தா பால்மரம் சீவியவர். அவன் சில்லு ஆலையில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டில் வேலை செய்பவன். அவனும் நண்பர் மூவரும் ஒரு குழு அமைக்கின்றனர். நால்வருக்கும் நான்கு ஷிப்டு. ஒருவன் இரவு வேலை முடிந்து வரும்போது மற்றொருவன் பகல் வேலைக்குப் பேருந்தில் ஏறுகின்றான். நால்வரும் ஒருசேரக் கூடி ஒத்திகை பார்ப்பதற்கு மாதத்தில் இரண்டு நாள் வாய்ப்பதே அரிது. அப்படி வாய்க்கும் அந்நாளில் அவர்கள் எதைப் பாடப் போகின்றனர்? அவ்விரவு வேலையையும், தாத்தாவின் பால்மரத்தையும் பாடுவார்களா? அன்றித் திரைப்படத்தில் கேட்ட காதல் மொழியைத் திரும்பப் பாடுவார்களா? இவ்விடத்தில்தான் குழுவின் விதி முடிவாகின்றது.

சந்துப் பூனைகளின் பயணம்

கூலிமிலிருந்து தொலைவில் இல்லாத பினாங்கில் இதற்குரிய முன்னோடி உண்டு. 1960களின் இறுதியில் அங்கே இளைஞர் சிலர் 'அலிகேட்ஸ்' என்னும் குழுவைத் தொடங்கினர். சந்துகளில் திரியும் பூனைகள் என்பது அப்பெயரின் பொருள். அதன் முகமாகத் திகழ்ந்தவர்கள் தமிழ்க் குடும்பத்துச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் ஆவர். அடர்ந்து சுருண்ட முடியோடு மேடையேறிய அவர்கள் முதலில் ஆங்கிலப் பாடல்களையே பாடினர். உள்ளூரிலும் ஹாங்காங்கிலும் இரவு விடுதிகளில் பாடித் தேர்ந்தனர். 1970களின் இறுதியில் மலாய்மொழிப் பாடல்களுக்குத் திரும்பினர். அதன்பின் நாடெங்கும் அவர்கள் பெயர் பரவியது. பின்னாளில் மலாய் இசையுலகின் பெரும்புள்ளியாக உயர்ந்த எம். நாசிர் போன்றோர் அவர்களுக்குப் பாடல் அமைத்தனர். லோகநாதன் 2007இல் மறைந்தபோது, இனம் கடந்து மக்கள் வருந்தினர்.

இவ்வெற்றியைத் தமிழர் பலர் பெருமையோடு கூறுவர். வேறு சிலர், தமிழில் பாடவில்லையே என்று குறை கூறுவர். இவ்விரு கூற்றும் திறனாய்வாகா. மொழி, மேடை இருக்கும் இடத்திற்கே செல்லும். அக்காலத்து விடுதிகளில் ஆங்கிலத்திற்கு மேடை இருந்தது. இசைத்தட்டுச் சந்தையில் மலாய்க்கு மேடை இருந்தது. தமிழில் ராக் இசை பாடும் குழுவுக்கு நாம் எந்த மேடையைக் கட்டி வைத்திருந்தோம்? அச்சகோதரர்கள் தமிழைக் கைவிட்டனர் என்பதைவிட, நாம் அவர்களை அழைக்கவில்லை என்பதே பொருந்தும்.

அவர்களிடம் கற்க வேண்டியது வேறொன்றும் உண்டு. கோலாலம்பூரைப் பெயர் சொல்லி அழைத்துப் புன்னகை செய்யுமாறு வேண்டும் பாடல் அவர்களுடைய புகழ்மிக்க பாடல்களுள் ஒன்று. நாட்டின் தலைநகர் மலாய்ப் பாட்டில் ஏறியது. பாடியவர் பினாங்குத் தமிழர். நம் தமிழ்ப் பாடல்களில் கூலிமும் பாடாங் செராயும் எத்தனை முறை ஒலித்துள்ளன? மலேசிய இளைஞரின் தமிழ்ப் பாடல்களில் காவிரியும் மெரினாவும் எளிதாக நுழைகின்றன. மூடா ஆறு நுழைவதற்கு நாணுகின்றது.

தமிழ் ஒலிவாங்கியைப் பற்றிய காலம்

1990களின் இறுதியில் 'பொயட்டிக் அம்மோ' என்னும் கோலாலம்பூர்க் குழு, நாட்டின் பல மொழிகளையும் கலந்து சொல்லிசை பாடியது. அக்குழுவில் இருந்த யோகி பி, பின்னர் நட்சத்ரா என்னும் குழுவோடு இணைந்து 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். இது ராக் அன்று, சொல்லிசை. எனினும் நம் பொருளுக்கு அது பெரிதும் உரியது. தமிழ் வேகமாகப் பேசவும், சினக்கவும், எள்ளவும் வல்ல இன்றைய மொழி என்பதை மலேசிய இளைஞர் செவி அத்தொகுப்பின் வழியே உணர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழகத் திரையுலகம் யோகி பியை அழைத்துப் பாடவைத்தது.

இவ்வெற்றியிலும் ஒரு முள் உண்டு. தமிழகத் திரையுலகம் ஏற்றுக்கொண்ட பின்னரே நம்மவருள் பலர் அவரை ஏற்றுக்கொண்டனர். இறக்குமதி முத்திரை விழுந்தாலன்றி உள்ளூர்ச் சரக்கை மதியாத மனநிலை இலக்கியத்தில் நாம் நன்கறிந்த நோயே. இசையிலும் அந்நோய் உண்டு.

இதற்கு மறுதலையாகச் சென்னையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம். 2018 சனவரி 6ஆம் நாள் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு தன் முதல் நிகழ்ச்சியை அங்கே நடத்தியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் பத்தொன்பது பேர் இருந்தனர். வடசென்னையின் கானா, ராக் கிட்டார், சொல்லிசை ஆகிய மூன்றும் ஒரே மேடையில் நின்றன. சாதியையும் இடஒதுக்கீட்டையும் அவர்கள் பாடினர். சாவு வீட்டுப் பாட்டென்று ஒதுக்கப்பட்ட கானாவை அவர்கள் மறைக்கவில்லை. அதனையே நடுவில் நிறுத்தினர். பர்மிங்காம் இளைஞர் இரும்பை நிறுத்தியது போல, வடசென்னை இளைஞர் தம் தெருவை நிறுத்தினர். நம் தோட்டத்து உறுமியும் ஒப்பாரியும் இவ்வாறு நடுவில் நிறுத்தப்படுவதற்குத் தகுதியற்றனவா?

சொல்லும் ஓசையும்: ஆசிரியர்க்குரிய பணி

பொருளைப் பற்றிக் கூறினோம். வடிவத்தைப் பற்றியும் கூறவேண்டும். நம் இளைஞர் குழுக்களின் தமிழ்ப் பாடல்களில் செவியை உறுத்தும் குறை ஒன்றுண்டு. முதலில் ஆங்கில முறையில் மெட்டை அமைத்துக்கொண்டு, பின்னர் அதனுள் தமிழ்ச் சொற்களைத் திணிக்கின்றனர். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து விழுந்தால், 'படம்' 'பாடம்' ஆகின்றது. 'மனம்' 'மானம்' ஆகின்றது. 'கல்' 'கால்' ஆகின்றது. கேட்பவன் பொருளைத் தேடி இடர்ப்படுகின்றான். பாடலாசிரியன் நீளும் இசைக்கு நெடிலையும், வெட்டும் இசைக்குக் குறிலையும் வல்லொற்றையும் தேர்ந்து வைப்பானாயின் இவ்விடர் வாராது.

ராக் இசையின் தாளம் அடித்து நிற்பது. அதற்கு வல்லெழுத்து மிக்க சொற்கள் இயல்பாகப் பொருந்தும். தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணம் என்பதும் ஒன்றன்றோ? வல்லெழுத்து மிகுந்து வருவது அவ்வண்ணம். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகும் அந்நூற்பாவை, முழவுக்கருவியின் முன் அமர்ந்திருக்கும் ஒரு மாணவனுக்கு விளக்கிக் காட்டினால் அவன் வாழ்நாள் முழுதும் மறவான். யாப்பு பழம்பொருள் என்று எண்ணியவன், அது தன் கைத்தொழிலுக்குரிய கருவி என்று உணர்வான். இதைச் செய்யத் தமிழாசிரியரை விட்டால் வேறு யார் உளர்?

மலேசியத் தமிழ்ப் புனைகதை இவ்வகையில் பாடலைவிட நெடுந்தொலைவு முன்னே சென்றுவிட்டது. கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமி 'மண்புழுக்கள்' நாவலில் தோட்டத்து மனிதரைத் தோட்டத்து மொழியிலேயே பேசவைத்தார். 2017ஆம் ஆண்டுக்கான விஷ்ணுபுரம் விருது தமிழகத்தில் அவருக்கு வழங்கப்பட்டது. தம் மண்ணை மறைத்து அவர் அப்பெருமையைப் பெறவில்லை. மண்ணோடு சென்று பெற்றார். நாவலாசிரியனுக்குக் கைகூடிய அத்துணிவு பாடலாசிரியனுக்கும் கைகூட வேண்டும். அதற்கு அவன் அந்நாவலைப் படித்திருக்க வேண்டும். படிக்குமாறு யாரேனும் அவனிடம் கொடுத்திருக்க வேண்டும். பர்மிங்காம் ஆலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தாரே, அதுபோல.

முரசு நெடுமாறன் அரும்பாடுபட்டு ஒரு நூற்றாண்டுக் கவிதைகளைத் திரட்டி, மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியமாக 1997இல் நமக்கு அளித்தார். சிதறிக் கிடந்தவை தொகுக்கப்பட்ட பின்னரே, நமக்கும் ஒரு கவிதை மரபு உண்டு என்று நாம் உரத்துக் கூற முடிந்தது. இளைஞர் குழுக்களின் பாடல்களுக்கும் இத்தகைய தொகுப்பும் திறனாய்வும் தேவை. நல்லதை நல்லது என்றும், அல்லதை அல்லது என்றும் பெயர் சுட்டி எழுத வேண்டும். இளைஞர் வேண்டுவது வெறும் கைதட்டல் அன்று. தம் பாட்டை ஒருவர் சொல் சொல்லாகக் கேட்டார் என்னும் உறுதியே.

முடிவுரை

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் இலக்கிய வகை. அலிகேட்ஸ் குழுவினர் மேடைக்குச் செல்லும் வழியைக் காட்டினர். யோகி பி தமிழுக்குச் செல்லும் வழியைக் காட்டினார். சென்னையின் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சொந்தத் தெருவுக்குச் செல்லும் வழியைக் காட்டியது. இம்மூன்று வழிகளும் கூடும் இடத்தில் கெடாவின் இளைஞர் குழு இனித்தான் வந்து நிற்க வேண்டும்.

அது காலத்தோடு நிகழ வேண்டும் என்பதே நம் கவலை. தோட்டத்தின் ஓசையைத் தம் செவியால் கேட்டவர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய தாலாட்டும் ஒப்பாரியும் பேரப்பிள்ளைகளின் காதில் விழாமலே போய்விடின், பின்னர் எந்தக் கருவியாலும் அவற்றை மீட்க இயலாது. பன்னிரண்டு மணிநேர ஷிப்டு முடிந்து திரும்பும் இளைஞன், கிட்டாரை எடுக்குமுன் ஒருநாள் தன் பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கட்டும். கரும்பாலையின் ஓசையைப் பெருங்கௌசிகனார் பாட்டில் ஏற்றினார். சில்லு ஆலையின் முனகலையும், அதன் அடியில் இன்னும் முற்றும் அடங்காத லயத்தின் தாளத்தையும் பாட்டில் ஏற்றப்போகும் கூலிம் இளைஞன் எந்தப் பள்ளியில், எந்த ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்திருக்கின்றானோ? அவன் மேசையில் விரலால் தாளமிடும்போது, அடக்குமுன் நாம் சற்றே கேட்போமாக.